பட்டம் வாங்கிய பிறகு அவள் என்ன ஆனாள்?



நம் குழுவில் ஒருவருக்கு 5,000 ரூபாய் உள்கடன் கொடுத்தால் என்ன செய்கிறோம்? தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிறோம். கடன் பேரேட்டில் ஏற்றுகிறோம். மாதா மாதம் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று குறிக்கிறோம். ஆடு வாங்கக் கொடுத்த பணம் என்றால், ஆடு வாங்கினாங்களா, வாங்கின ஆடு உயிரோட இருக்கா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டும் வருகிறோம். கடைசித் தவணை கட்டும் வரை அந்தக் கணக்கை விடுவதில்லை.

அதே உறுப்பினர் மகளைக் கல்லூரியில் சேர்க்கக் கடன் வாங்கினால்? கடன் அடைந்ததா என்று மட்டும் பார்க்கிறோம். அந்தப் பெண் பட்டம் வாங்கினாளா, வாங்கிய பிறகு என்ன ஆனாள், ஐந்து வருடம் கழித்து எங்கே இருக்கிறாள் என்பதை எந்தப் பேரேட்டிலும் எழுதுவதில்லை. "கட்டிக் கொடுத்துட்டாங்களாம்", "திருப்பூர்ல ஏதோ கம்பெனியில இருக்காளாம்" என்று காதில் விழுவதோடு சரி.

பட்டம் பெற்றவர்களின் வாழ்க்கையைப் பல ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்து பார்ப்பது எப்படி, அப்படிப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதுதான் இந்த இதழின் பாடம். இதைத் 'தொடர் ஆய்வு' என்று சொல்லலாம். ஒரே ஆளை 21 வயதில் கேட்பது, மறுபடி 27-இல் கேட்பது, மறுபடி 43-இல் கேட்பது. அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கிறது. செய்பவர்கள் மிகக் குறைவு.

இது நமக்கு இப்போது ஏன் வேண்டும்? 2021-22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 18 முதல் 23 வயது வரை உள்ளவர்கள் 100 பேர் என்றால், தமிழ்நாட்டில் 47 பேர் என்ற கணக்கில் உயர்கல்வியில் சேர்ந்திருக்கிறார்கள். இந்தியா முழுவதற்கும் அது 28.4 தான். முதல் பட்டதாரி சான்றிதழுக்காக தாலுகா அலுவலகத்துக்கு அலைந்த தாய்மார் நம் குழுக்களிலேயே நிறைய பேர். அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. பெண் பிள்ளைகளைக் கல்லூரி வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் நம் மாநிலம் முன்னால் நிற்கிறது. வாசலுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

"காலேஜ்லயே சொல்றாங்களே, இத்தனை பேருக்கு வேலை கிடைச்சிருக்குன்னு" என்று கேட்பீர்கள். சேர்க்கை நேரத்தில் பேருந்து நிலையம் எதிரில் பேனர் கட்டியிருப்பார்கள். வரிசையாகப் புகைப்படம், கம்பெனி பெயர், சம்பளம். அது வேலை உத்தரவு வாங்கிய அன்றைய நிலவரம். கறவை மாடு வாங்கின அன்றைக்கு எத்தனை லிட்டர் கறந்தது என்பதை மட்டும் வைத்து, 'இந்த மாடு லாபம்' என்று யாராவது எழுதுவோமா? பிரிட்டனில் பட்டம் பெற்றவர்களிடம் முன்பு 6 மாதம் கழித்துத்தான் கேட்டார்கள். அதை மாற்றி, 2017-18-இல் படிப்பை முடித்தவர்களிலிருந்து 15 மாதம் கழித்துக் கேட்கிறார்கள். 15 மாதமும் எங்கள் பார்வையில் போதாது. பெண் பிள்ளைகளின் வாழ்க்கை புரள்வதே பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

140 பெண்கள், 50 ஆண்டுகள்

அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில், கலிபோர்னியா மாநிலத்தில் ஓக்லாந்து என்று ஒரு நகரம். அங்கே மில்ஸ் கல்லூரி என்ற பெண்கள் கல்லூரி இருந்தது. (2022-இல் அதை வேறொரு பல்கலைக்கழகத்தோடு இணைத்துவிட்டார்கள்.) 1958-லும் 1960-லும் அங்கே இறுதியாண்டு படித்த சுமார் 140 மாணவியரிடம் ஓர் ஆய்வு தொடங்கியது. தொடங்கியவர் ரவென்னா ஹெல்சன் என்ற உளவியல் அறிஞர். பக்கத்திலுள்ள பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். அப்போது அவருக்கே முப்பது வயதுக்குச் சற்று மேல்தான்.

புதிதாகச் சிந்தித்துப் படைக்கும் திறன் பெண்களிடம் எப்படி இருக்கிறது என்று அறிவதுதான் முதலில் அவர் நோக்கம். பிறகு அந்தப் பெண்களை அவர் விடவே இல்லை. அவர்களுக்கு 27 வயது ஆனபோது மறுபடி கேள்வித்தாள் அனுப்பினார். பின்பு 43, 52, 61 வயதுகளிலும், எழுபதை ஒட்டியும் அதேபோல் கேட்டார்கள். ஐம்பது ஆண்டுக் கதையை ஹெல்சனும் வாலரி மிட்செல் என்பவரும் சேர்ந்து 2020-இல் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள்.

அந்தக் காலத்து அமெரிக்கா நாம் சினிமாவில் பார்க்கும் அமெரிக்கா இல்லை. 1950-களின் இறுதியில் அங்கே முதல் திருமணம் செய்த பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வயது 20 அல்லது அதற்கும் குறைவுதான். படித்த பெண்ணாக இருந்தாலும், பட்டம் வாங்கியதும் கல்யாணம், பிறகு குழந்தை என்பதே எல்லோரும் எதிர்பார்த்தது. "இருபத்தெட்டு ஆச்சு, இன்னும் ஒண்ணும் அமையலையா?" என்ற கேள்வி அங்கேயும் இருந்தது. ஹெல்சன் இதை ஒரு கடிகாரம் போலப் பார்த்தார். ஊர் நம் கையில் கட்டிவிடும் கடிகாரம் அது. இந்த வயசுக்கு இது நடக்கணும் என்று முள் காட்டும்.

இப்போது அவர் கண்டதைக் கவனமாகப் படியுங்கள்.

27 வயதில், கல்யாணம் குழந்தை என்று கடிகாரப்படி போனவர்களிடம் பொறுப்பும் பொறுமையும் பிறரைக் கவனிக்கும் குணமும் கூடியிருந்தன. ஆனால் தன்னைப் பற்றிய மதிப்பு குறைந்திருந்தது. 21 வயதில் "என்னால முடியும்" என்று எழுதிக் கொடுத்த பெண், ஆறே ஆண்டில் "எனக்கு என்ன தெரியும்" என்கிற இடத்துக்கு வந்திருந்தாள். வேலை என்ற பாதையில் போனவர்கள் முன்நின்று பேசுகிறவர்களாக, தனித்து முடிவெடுப்பவர்களாக வளர்ந்திருந்தார்கள்.

இரண்டிலும் சேராத சிலரும் இருந்தார்கள். குடும்பமும் அமையவில்லை, வேலைப் பாதையும் தொடங்கவில்லை. மற்றவர்களைவிட அதிகம் தவித்தது இவர்கள்தான். நமக்குத் திறமை இல்லையோ என்ற சந்தேகமும் தனிமையும் இவர்களிடம் கூடுதலாக இருந்தன.

இந்த மூன்றாவது கூட்டத்தைப் படித்தபோது எங்களுக்கு நம் கிராமங்கள்தான் நினைவுக்கு வந்தன. பி.எஸ்சி. முடித்திருப்பாள், பி.எட். கூட முடித்திருப்பாள். "வரன் பார்த்துக்கிட்டு இருக்கோம், அதுவரைக்கும் வீட்ல இருக்கட்டும்" என்று அம்மா சொல்வார். அது மூன்று மாதமாக இருந்தால் பரவாயில்லை. மூன்று வருடமாகிவிடுகிறது. சான்றிதழ் பீரோவில், அவள் அடுப்படியில். வீட்டில் பத்திரமாக இருக்கிறாள் என்றுதான் நாம் நினைக்கிறோம். அந்தக் காத்திருப்பு அவளை உள்ளுக்குள் என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் கண்டது அப்படியே இங்கும் பொருந்தும் என்று நாங்கள் சொல்லவில்லை. கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி இது என்கிறோம்.

சரி, ஹெல்சன் 27-லேயே ஆய்வை நிறுத்தியிருந்தால் என்ன முடிவு வந்திருக்கும்? 'பெண்களைப் படிக்க வைத்துப் பயனில்லை, கல்யாணத்துக்குப் பிறகு எல்லாம் கரைந்துவிடுகிறது' என்று எவராவது எழுதியிருப்பார். அவர் நிறுத்தவில்லை. 43 வயதில் மறுபடி கேட்டபோது படம் மாறியிருந்தது. குடும்பத்திலோ வேலையிலோ இறங்கிய பெண்களிடம் தன்னம்பிக்கையும், தானே முடிவெடுக்கும் துணிவும் 27-இல் இருந்ததைவிட நன்றாகவே உயர்ந்திருந்தன. ஐம்பதைத் தாண்டியபோது பலர் 'என் வாழ்க்கையில் நல்ல காலம் இதுதான்' என்ற பொருள்பட எழுதினார்கள். பெண்ணின் பொற்காலம் ஐம்பதுகள்தானா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து மிட்செலும் ஹெல்சனும் 1990-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்.

நம் உறுப்பினர்களில் பலர் நாற்பதைக் கடந்தவர்கள். வங்கி மேலாளர் முன் நாற்காலியில் உட்கார்ந்து பேசத் துணிந்தது எந்த வயதில் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆண்களை மட்டும் கேட்ட ஆய்வு

தொடர் ஆய்வு என்றதும் படித்தவர்கள் பெரும்பாலும் சொல்வது ஹார்வர்டு ஆய்வைத்தான். 1938-இல் தொடங்கியது. ஹார்வர்டு கல்லூரி மாணவர்கள் 268 பேரை எடுத்துக்கொண்டு, முதுமை வரை தொடர்ந்தார்கள். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் கென்னடியும் அந்தப் பட்டியலில் இருந்தவர். நெருங்கிய உறவுகள் நன்றாக அமைந்தவர்களே முதுமையில் உடம்பும் மனமும் நலமாக இருந்தார்கள் என்பது அதன் முக்கியமான முடிவு. நல்ல ஆய்வுதான். ஆனால் அந்த 268 பேரில் ஒரு பெண் கூடக் கிடையாது. மில்ஸ் ஆய்வின் அருமை அப்போதுதான் தெரிகிறது.

'அப்பவே செஞ்சிருக்கணும்' என்ற ஏக்கம்

இது நமக்கு நெருக்கமான விஷயம். "பத்தாவதோட நிறுத்திட்டாங்க", "டீச்சர் டிரெயினிங் சீட் கிடைச்சும் விடலை" என்று சொல்லும்போது குரல் மாறும் உறுப்பினர்கள் எத்தனையோ பேர். ராட்கிளிஃப் கல்லூரியில் 1964-இல் பட்டம் பெற்ற பெண்களையும், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1967-இல் பட்டம் பெற்ற பெண்களையும் அபிகெயில் ஸ்டூவர்ட், எலிசபெத் வாண்டவாட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டார்கள். வீட்டோடு நின்றுவிட்டோமே, படிப்பையோ வேலையையோ தொடர்ந்திருக்கலாமே என்று முப்பதுகளின் இறுதியில் வருந்தியவர்கள் அவர்களில் பலர்.

வருந்தியதோடு நிற்காமல் நாற்பதுகளில் ஏதாவது ஒரு மாற்றத்தைச் செய்துகொண்டவர்கள் நலமாக இருந்தார்கள். அதே வருத்தத்தை வைத்துக்கொண்டு எதையும் மாற்றாதவர்கள்தான் மனத்தளவில் பின்தங்கினார்கள். இருபதில் விட்டதை நாற்பதில் பிடித்தவர்களைக் கண்டுபிடிக்க, இருபதிலும் நாற்பதிலும் இரண்டு தடவை கேட்டிருக்க வேண்டும். ஒரே தடவை கேட்டால் இது தெரியவே தெரியாது.

சம்பளம் எங்கே பிரிகிறது?

2023-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிளாடியா கோல்டின் என்ற அமெரிக்கப் பேராசிரியைக்குக் கிடைத்தது. இந்தப் பரிசை யாரோடும் பங்கிடாமல் தனியாகப் பெற்ற முதல் பெண் அவர். நூறு ஆண்டுகளாக அமெரிக்கக் கல்லூரிகளில் பட்டம் பெற்ற பெண்கள் என்ன ஆனார்கள் என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்கெடுத்தவர். 1900-ஐ ஒட்டிப் பட்டம் பெற்றவர்களுக்கு வேலை அல்லது குடும்பம், இரண்டில் ஒன்றுதான். மில்ஸ் பெண்களின் தலைமுறைக்கு முதலில் குடும்பம், பிறகு வேலை. அண்மைத் தலைமுறை இரண்டையும் சேர்த்துச் சுமக்கப் பார்க்கிறது.

அவரும் மரியான் பெர்ட்ரண்ட், லாரன்ஸ் காட்ஸ் என்ற இருவரும் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு 2010-இல் வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1990-க்கும் 2006-க்கும் இடையில் எம்.பி.ஏ. முடித்த ஆண்களையும் பெண்களையும் எடுத்துக்கொண்டார்கள். படிப்பு முடித்த நாளிலிருந்து எந்த வேலை, எவ்வளவு சம்பளம், எப்போது இடைவெளி என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு அடுக்கினார்கள். முதல் வேலையில் இருவர் சம்பளமும் ஏறக்குறைய ஒன்று. பத்து ஆண்டு போனதும் ஆண்கள் வெகுதூரம் முன்னே போய்விட்டார்கள். வேலையில் விழுந்த இடைவெளியும், வாரத்தில் வேலை செய்யும் மணி நேரம் குறைந்ததும் முக்கியக் காரணங்கள். இவை இரண்டும் பெரும்பாலும் குழந்தை பிறந்ததை ஒட்டி வந்தவை.

பேனரில் போடும் கணக்கில் இது எங்கே தெரியும்? அன்றைக்கு ஆணும் பெண்ணும் சமமாகத்தான் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். விரிசல் விழும் இடம் எது என்று தெரிந்தால்தானே அந்த இடத்தில் முட்டுக் கொடுக்க முடியும்? மகள் படிக்கும்போது ஃபீஸ் கட்ட ஓடுகிறோம். அவள் பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டிய அந்த ஆறு மாதத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள யார் என்பதற்கு நம்மிடம் ஏற்பாடு இல்லை. செலவு பார்த்தால் ஃபீஸை விடக் குறைவுதான்.

இந்த ஆய்வுகளில் உள்ள பெண்கள் பெரும்பாலும் வசதியான வெள்ளைக்காரக் குடும்பத்தார் என்பதையும் மறக்க வேண்டாம். கடைசி பஸ் ஆறரை மணிக்குப் போய்விடும் ஊர், சாதி பார்க்கும் வீட்டுக்காரர், மாமியார் வீட்டு அனுமதி, இதெல்லாம் அந்தக் கேள்வித்தாளில் இல்லை. அவர்களின் முடிவை அப்படியே எடுத்து இங்கே ஒட்ட முடியாது. கேட்ட முறையை எடுத்துக்கொள்ளலாம்.

நாமே ஒரு நோட்டுப் போடலாம்

80 பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு குழுவிலும் இந்த ஆண்டு டிகிரியோ டிப்ளமாவோ முடிக்கும் பெண் பிள்ளைகள் இரண்டு, மூன்று பேர் இருப்பார்கள். உறுப்பினர் வீட்டுப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆளுக்கு நாலு பக்கம் ஒதுக்குங்கள்.

கேட்க வேண்டியது அந்தப் பெண்ணிடம். அம்மாவிடம் கேட்டு எழுதினால் அது அம்மாவின் ஆசைப் பட்டியலாகிவிடும். "உன் வாழ்க்கையை வருஷா வருஷம் எழுதி வைக்கலாமா?" என்று அவள் சம்மதம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். முதல் தடவை எழுத வேண்டியது: என்ன படித்தாள், எவ்வளவு செலவானது, அதில் கடன் எவ்வளவு, அடுத்து என்ன செய்ய ஆசை. கடைசிக் கேள்விக்கான பதிலை அவள் சொல்கிற வார்த்தையிலேயே எழுத வேண்டும். நாம் திருத்தக் கூடாது. பத்து வருடம் கழித்து நினைவிலிருந்து கேட்டால் அன்றைக்கு என்ன நினைத்தாள் என்பது அவளுக்கே சரியாகத் தெரியாது. நம் குழு தொடங்கிய முதல் வருடம் மொத்தச் சேமிப்பு எவ்வளவு என்று புத்தகம் பார்க்காமல் யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்!

பிறகு ஒன்றரை வருடத்தில் ஒரு தடவை, மூன்றாம் வருடம், ஐந்தாம் வருடம், பத்தாம் வருடம். வேலைக்குப் போகிறாளா, படித்த படிப்புக்கான வேலையா, சம்பளம் அவள் பெயரில் உள்ள கணக்குக்கு வருகிறதா, வேலையை விட்டிருந்தால் எப்போது, விடச் சொன்னது யார், இப்போது என்ன வேண்டும் என்று நினைக்கிறாள். சம்பளத் தொகையைச் சொல்ல விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். கல்யாணமாகி வெளியூர் போய்விட்டால் போனில் கேட்கலாம். நம்பர் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் தோழி ஒருத்தியின் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. நன்றாக இருக்கிறவள் போனை எடுப்பாள். கஷ்டத்தில் இருப்பவள் எடுக்கமாட்டாள். "அவளைப் பிடிக்க முடியலை, விட்டுடலாம்" என்று அடித்துவிட்டால் கணக்கு அழகாகத்தான் வரும். தவணை கட்டாதவர் பெயரை நீக்கிவிட்டு வசூல் போட்டால் நூற்றுக்கு நூறு வருவது போல! எந்தப் பெயருக்கு எதிரில் பதில் இல்லையோ, அந்த வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும். மில்ஸ் ஆய்வில் நடுவயதிலும் சுமார் நூறு பேர் பதில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்றால், அதற்குப் பின்னால் எவ்வளவு கடிதம், எவ்வளவு விசாரிப்பு இருந்திருக்கும்!

எழுதியதைக் கூட்டத்தில் வாசிக்கக் கூடாது. "உன் பொண்ணு பரவாயில்லை, அவ பொண்ணைப் பாரு" என்ற பேச்சு கிளம்பினால் அடுத்த வருடம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். வரன் கேட்டு வருபவர்களுக்கும் இந்த நோட்டு காட்டுவதற்கில்லை. ஊக்குநர் எழுதிக் குழுப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். கூட்டமைப்புக்கு வரவேண்டியது எண்ணிக்கை மட்டும்.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும் ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதி வாருங்கள். பெயர்கள் வேண்டாம். உங்கள் ஊரில் கடந்த ஐந்து ஆண்டுகளில் பட்டம் வாங்கிய பெண்கள் எத்தனை பேர், அவர்களில் இன்று சம்பாதிப்பவர்கள் எத்தனை பேர், என்ன ஆனார்கள் என்றே உங்களுக்குத் தெரியாதவர்கள் எத்தனை பேர். மூன்றாவது எண்ணைக் கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள். அதிலிருந்துதான் பேச்சைத் தொடங்கப் போகிறோம்.